எங்கள் வீதியில் பதினான்கு மாடி

முதலில் வந்தது அந்த மூன்று கால் கருவிதான். தீபாவளி முடிந்த அடுத்த வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்துக்குக் கிளம்ப வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறேன். வீதி முனையில் ஒருவர் கருவியை நட்டுவைத்து ஒற்றைக் கண்ணால் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் எங்கள் கேட்டுக்கு நேராக, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க அளக்குறீங்க?" என்று கேட்டேன்.

"லெவல் எடுக்குறோம் சார்."

"எதுக்கு?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க. எடுக்கச் சொன்னாங்க, எடுக்குறோம். வண்டியக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்க, மறைக்குது."

தள்ளினேன். அவர் எங்கள் சுற்றுச்சுவரில் சிவப்புப் பெயிண்டால் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். என் வீட்டுச் சுவரில் எழுத என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்க வேண்டும். சின்ன விஷயத்துக்கெல்லாம் வருகிற கோபம்தான். அன்றைக்கு வரவில்லை. பயம்தான் வந்தது.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். இருபத்தாறு வருடமாகப் பிறருடைய சான்றிதழ்களையும் விண்ணப்பங்களையும் சரிபார்த்துச் சரிபார்த்து, எதற்கும் ஒரு தாள் இருக்க வேண்டும், அதில் கையெழுத்து இருக்க வேண்டும் என்கிற புத்தி எனக்குப் படிந்துவிட்டது. தாள் இல்லாத எதைக் கண்டாலும் பயம். காரணம் சொல்லாமல் சுவரில் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனால் நான் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவேன்? அன்று மதியம் சாப்பிடவில்லை.

புதுக்கோட்டை வீதிகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராக இருக்கும். எங்கள் வீதி கடைவீதிக்கு இரண்டு வீதி தள்ளி. அதில் ஒட்டினாற்போல எட்டு வீடுகள், எங்களுடையது ஐந்தாவது. அப்பா கட்டியது. முன்னால் வீதி, பின்னால் ஒரு சந்து, சந்துப் பக்கம் அடுப்படிக் கதவு. இத்தனை காலமும் இந்த வீதியை யாரும் சீண்டியதில்லை. நகராட்சி மாநகராட்சி ஆனதிலிருந்துதான் ஊரில் எல்லாரும் அவரவர் வீட்டை ஒரு புது மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நானும் பார்த்தேன்.

வீதி முனை டீக்கடையில் அன்று மாலையே விஷயம் முடிவாகிவிட்டது.

"எட்டு வீட்டையும் சேத்து ஒரு கம்பெனி வாங்குதாம் சார். ஏழு மாடி" என்றார் டீக்கடைக்காரர், என் டீயை ஆற்றிக்கொண்டே.

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

மறுவாரம் ஏழு பதினொன்றானது. கார்த்திகை மழை பிடித்துக்கொண்டபோது பதினான்கு. மாடி ஏற ஏற விவரமும் ஏறியது. தரைக்கு அடியில் கார் நிறுத்துமிடம், கீழே ஜவுளிக்கடை, நடுவில் ஆஸ்பத்திரி, மேலே வீடுகள், உச்சியில் நீச்சல் குளம். எங்கள் வீதிக் குழாயில் தண்ணீர் வருவதே ஒருநாள் விட்டு ஒருநாள். நீச்சல் குளத்துக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "ஆயிரம் அடிக்கு போர் போடுவாங்க சார், கம்பெனிக்காரனுக்கு என்ன" என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது. இருந்தும் மனசு ஆறவில்லை.

என் மனைவிக்கு இதில் எதுவும் பிடிபடவில்லை, அல்லது பிடிபட்டும் அசரவில்லை. "கோயில் கோபுரத்துக்கு மேல ஒசரமா இந்த ஊர்ல கட்ட விடமாட்டாங்க. நீங்க போய்ப் படுங்க" என்றாள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மறுநாள் அதை டீக்கடைக்குக் கொண்டுபோனேன்.

"செல்போன் டவர் மட்டும் கோபுரத்துக்குக் கீழயா சார் நிக்குது?" என்றார் டீக்கடைக்காரர். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆறாவது வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருக்கிறார். அவர் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் படம் போட்டு, முதல் நான்கு வீட்டை மட்டும் வாங்கிப் பதினான்கு மாடி எழுப்பினால் நிழல் எந்த மாதத்தில் எங்கே விழும் என்று எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். மார்கழி, தை இரண்டு மாதமும் பதினொரு மணிக்கு முன்னால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் வெயில் கிடையாது. மல்லி, மிளகாய் காயாது. துணி காயாது. அந்தத் தாளை நான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் அதே வாத்தியார் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. யார் வந்தது என்று கேட்டேன். "சொந்தக்காரங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முப்பது வருடப் பழக்கத்தில் அவர் என்னை வாசலில் நிறுத்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு எட்டு வீடும் அப்படித்தான் ஆனது. "ஒங்களுக்கு போன் வந்துச்சா?" என்று கேட்பார்கள். வரவில்லை என்று நான் சொன்னால் நம்பமாட்டார்கள். அவர்கள் சொன்னால் நானும் நம்பமாட்டேன். ஒருநாள் வீதிக்கு மேலே டிரோன் ஒன்று வட்டமடித்தது. எட்டு வீட்டு மொட்டை மாடியிலும் ஆட்கள் ஏறி நின்றோம். மூன்றாவது வீட்டு அம்மா முகத்தைக்கூடக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். கடைசியில் பார்த்தால் பக்கத்து வீதிக் கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனோம்.

அந்த வருடம் பொங்கலுக்கு எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக்கும் வெள்ளையடிக்கவில்லை. இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்கு என்று எல்லாரும் நினைத்தோம், ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. எங்கள் இரண்டாவது அறையில் கூரை ஒழுகியது. கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பதினாலு மாடி வருதாமே சார், இதுக்கு எதுக்குச் செலவு பண்றீங்க?" என்றார். கூலி வாங்க வந்த மனிதரே வேலை வேண்டாம் என்கிறார். நான் ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளியை வைத்தேன்.

அந்த இரண்டாவது அறையில்தான் புதன்கிழமை புதன்கிழமை என் அக்கா படுப்பாள்.

எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். இலுப்பூரில் வாழ்க்கைப்பட்டு, வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். மச்சானுக்குக் கொஞ்சம் நிலம். ஒரே மகன் குவைத்தில். நூல், லைனிங் துணி, ஊக்கு எல்லாம் வாங்க வாரம் ஒருநாள் டவுனுக்கு வருவாள். சாமான் வாங்கிக்கொண்டு நேராகச் சந்து வழியாக வந்து, அடுப்படிக் கதவை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி உள்ளே வருவாள். பையை அரிசி டிரம்மின் மேல் வைப்பாள். செம்பில் தண்ணீர் மொண்டு வாய் வைத்துக் குடிப்பாள். "எச்சி பண்ணாதீங்க அண்ணி" என்று என் மனைவி கத்துவாள். கட்டுமாவடி மீன்காரர் வண்டியில் அன்று என்ன வந்ததோ அதை என் மனைவி வாங்கி வைத்திருப்பாள். குழம்பு அக்காதான் வைப்பாள், அடுத்தவர் கைப்பக்குவம் அவளுக்கு ஆகாது. மதியம் நான் சாப்பிட வரும்போது என் தட்டில் சோறு போட்டுவிட்டு, "என்னடா, ஆபீசுல ஒன்னைய அடிச்சாங்களா, மொகத்த இப்புடி வச்சிருக்க?" என்பாள். பிறகு இரண்டாவது அறைத் தரையில் முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்து ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, மூன்றரை பஸ்ஸுக்குப் போவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் "டவுன்ல எங்க வீட்ல படுத்து எந்திரிச்சு வாரேன்" என்று சொல்லுவாளாம். இலுப்பூர்க்காரர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது சொன்னார்.

அவள் சந்துப் பக்கமாகவே வந்து சந்துப் பக்கமாகவே போனதால் முன்சுவரில் இருந்த அம்புக்குறியைப் பார்க்கவே இல்லை. வாளியைப் பார்த்தாள். "இத ஒட்டுப்போட மாட்டியாடா?" என்றாள். கொத்தனார் வரவில்லை என்று சொன்னேன். பாயை வாளியிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

தை கடைசியில் ஒரு புரோக்கர் வந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு போன், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் வாசலோரம் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தக் கம்பெனி, எத்தனை மாடி எதுவும் சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்றார். அவர் சொல்லாததே எனக்கு உறுதியாகப் பட்டது.

"வீடு அப்பா பேர்லதான இருக்கு? அம்மாவும் இல்ல. ஒங்க கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா?"

"ஒரு அக்கா."

"கையெழுத்து வாங்கிட்டீங்களா?"

"இல்ல."

அவர் ஹெல்மெட்டை ஒரு தட்டு தட்டினார். "வில்லங்கம் இல்லாத வீட்டைத்தான் சார் தொடுவாங்க. ஒங்க வீட்ட விட்டுட்டு ரெண்டு பக்கமும் எழுப்பிட்டா, நீங்க காலம் பூரா அந்தச் சந்துக்குள்ள குடியிருக்க வேண்டியதுதான். அக்காகிட்ட இப்பயே வாங்கி வச்சுக்குங்க. பெறகு தகவல் தெரிஞ்சா யாரு மனசு எப்புடி மாறும்னு சொல்ல முடியாது."

அவர் போன பிறகு எனக்கு ஒரு புதுப் பயம் வந்தது. இதுவரை எனக்கு இருந்த பயம் வேறு. விற்றால் ஐம்பத்து மூன்று வயதில் எங்கே போவது, விற்காவிட்டால் இருட்டில் கிடப்பதா என்கிற பயம். அது நியாயமான பயம், எட்டு வீட்டுக்கும் இருந்த பயம். இப்போது வந்தது வேறு மாதிரி. அக்கா எதுவும் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மச்சான் கேட்கலாம். குவைத்தில் இருக்கிற மருமகன், இணையத்தில் நாலு விஷயம் பார்க்கிறவன், கேட்கலாம். என் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய பிள்ளை அவன். அவன் அழாமல் இருக்கக் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்து ஆட்டிக்கொண்டிருந்தவன் நான். அவன் என்னிடம் பாகம் கேட்டு வழக்குப் போடுவதுபோல நானாகவே நினைத்து, நானாகவே அவனோடு மனசுக்குள் சண்டை போட்டேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

"அண்ணிகிட்ட நேரா விஷயத்தச் சொல்லிருங்க" என்றாள் மனைவி.

"சொல்லலாம், சொல்லலாம்."

"எப்ப? கையெழுத்து வாங்குன பெறகா?"

அவளிடம், அம்புக்குறியைப் பற்றியோ புரோக்கரைப் பற்றியோ அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று மட்டும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மாசியில் ஒரு நாள் பார்த்து அக்காவுக்கு போன் செய்தேன். வீட்டு வரி அப்பா பெயரிலேயே இருக்கிறது, பெயர் மாற்ற வேண்டும், ஒரு கையெழுத்துப் போட வேண்டும், ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸிலேயே வா என்றேன். "அதுக்கென்னடா, வாரேன்" என்றாள். எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் நான் உளறியிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த வீட்டுச் சொத்தில் தனக்குப் பாகம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற பெண்ணுக்கு, உடன்பிறந்தவன் புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் அதில் குறை வைக்கவில்லை. முதல் நாளே கீழ ராஜ வீதியில் ஒரு பட்டுப்புடவை எடுத்து, வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். கத்தரிப்பூ நிறம், அவளுக்குப் பிடித்தது. விஷயத்தைச் சொல்லாமல் ஏமாற்றலாம், புடவை எடுக்காமல் இருக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. அதை எப்படி யோசித்தேன் என்று இன்றைக்கு என்னால் விளக்க முடியவில்லை.

பத்திர எழுத்தரின் அறை ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் எழுந்து நிற்க வேண்டிய அளவுதான். பத்திரம் அச்சடித்துத் தயாராக இருந்தது. அக்கா அவசரமாகக் கிளம்பியதில் கண்ணாடியைத் தையல் மிஷின் மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. நீயே வாசிச்சுச் சொல்லுடா" என்றாள்.

எழுத்தர் தாளை எடுக்கக் கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டு வாங்கினேன். வாசித்தேன். அப்பா பெயர், அம்மா பெயர், வீதி, கதவு எண், நான்கு எல்லை. வடக்கில் யார் வீடு, தெற்கில் யார் வீடு என்று வரும்போது அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அந்த வீட்டுக்காரர்களையெல்லாம் ஒவ்வொருவராக விசாரித்தாள். "மேற்கண்ட சொத்தில் இன்றுமுதல் எனக்கும் என் வாரிசுகளுக்கும் எவ்வித பாத்தியமும் தொடர்பும் இல்லை" என்ற வரிக்கு வந்தேன். அதை வாசிக்காமல் தாண்டி, சாட்சிகள் பெயருக்குப் போனேன். எழுத்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பேனாவைத் துடைக்க ஆரம்பித்தார். என்னைப் போல எத்தனை தம்பிகளைப் பார்த்திருப்பாரோ.

"இம்புட்டுத்தானா?" என்றாள் அக்கா. ஒவ்வொரு தாளிலும் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் எழுதின மாதிரியே குண்டுகுண்டான எழுத்து.

பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் முறை வர ஒரு மணி நேரம் ஆனது. சார்பதிவாளர் ஒரு பெண், என் மனைவி வயது இருக்கும். தாளைப் புரட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, அப்பா வீட்டுல ஒங்க பாகத்த தம்பிக்கு விட்டுக்கொடுக்குறீங்க. இனிமே ஒங்களுக்கோ ஒங்க பிள்ளைக்கோ அந்த வீட்டுல எந்த உரிமையும் கெடையாது. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா? சம்மதம்தானே?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் "இல்லை" என்று சொல்லியிருந்தால் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் நான் யார் என்று தெரிந்திருக்கும். கல்லூரியில் என் மேசைக்கு வந்து நிற்கிற பிள்ளைகளின் அப்பா அம்மா இரண்டு பேராவது அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

"சம்மதம்தாங்க" என்றாள்.

விரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். ரேகை விழவில்லை. இன்னொரு தடவை வைத்தாள், மறுபடியும் விழவில்லை. "நாப்பது வருசமா ஊசி பிடிச்ச வெரலுங்க, தேஞ்சுபோச்சு" என்று அந்தப் பணியாளரிடம் மன்னிப்புக் கேட்பது மாதிரி சொன்னாள். அவர் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும் விழவில்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன். விழாமலே போகட்டும் என்று ஒரு மனசும், சீக்கிரம் விழுந்து தொலையட்டும் என்று ஒரு மனசும் இருந்தது. இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. அக்கா விரலை முந்தானையில் அழுத்தித் தேய்த்தாள். வாயருகே கொண்டுபோய் ஊதினாள். மறுபடியும் வைத்து, இன்னொரு கையால் அந்த விரலை மேலிருந்து அமுக்கிப் பிடித்தாள். விழுந்தது.

வெளியே வந்ததும் வண்டி சீட்டைத் தூக்கிப் புடவையை எடுத்துக் கொடுத்தேன். துணிக்கடைப் பையின் மேல் முதல் நாள் தேதியிட்ட ரசீது ஒட்டியிருந்தது. அதைக் கிழித்துப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி போட்டதும் அவளுக்கு அது தெரிந்திருக்கும். இல்லாவிட்டாலும் அந்தப் புடவைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுக்கு வாக்கா. சாப்பிட்டுப் போகலாம். இன்னைக்கு நண்டு வாங்கி வச்சிருக்கு."

"இல்லடா. தைக்கிறது கெடக்கு. இப்புடியே பஸ் ஏறிர்றேன்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "வண்டிய மெதுவா ஓட்டிட்டுப் போ" என்றாள். வீட்டில் நண்டை என் மனைவி சமைக்கவில்லை. சந்தில் வந்த பூனைக்கு வைத்துவிட்டாள்.

அடுத்த புதன் அக்கா வரவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. போன் செய்தால் எடுத்தாள். "வேல இருக்குடா", "மச்சானுக்குக் காச்சல்", "நூலு இங்கனயே கெடைக்குது". கோபமாக ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை. மனைவி அடுப்படிக் கதவின் தாழ்ப்பாளைப் புதன்கிழமைகளில் போடுவதே இல்லை. எனக்குக் கேட்காதபடி என்று நினைத்துக்கொண்டு, மெதுவாகத் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வருவாள்.

வைகாசியில் ஜேசிபி வந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் வாசலில் நின்றோம். மூன்றாவது வீட்டு அம்மா அழுதுவிட்டார். கூட வந்த மேஸ்திரி அம்புக்குறியைப் பார்த்தார், கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார், என் கேட்டுக்கு முன்னால் சுண்ணாம்பால் கோடு இழுத்தார்.

"என்னங்க கட்டப்போறீங்க?" என்று வாத்தியார் கேட்டார்.

"மழைத்தண்ணி வாய்க்கா சார். ரெண்டு வாரத்துல மூடிருவோம். அதுவரைக்கும் வண்டிய வெளிய நிப்பாட்டிக்குங்க."

மூன்றரை அடி ஆழம். அம்புக்குறி அதற்குத்தான். தோண்டினார்கள், கட்டினார்கள், சிமெண்டுப் பலகை போட்டு மூடினார்கள். வெள்ளைக் காரில் வந்தவர்கள் உண்மையிலேயே சொந்தக்காரர்கள்தான் என்று வாத்தியார் சொன்னார். இந்தத் தடவை என்னை உள்ளே உட்கார வைத்துச் சொன்னார். புரோக்கருக்கு போன் செய்தேன். எங்கள் வீதியை அவருக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. டீக்கடையில் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது மாடி வருகிறது. டீக்கடைக்காரர் எனக்குச் சொன்னபோது நான் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கொத்தனாரைக் கூப்பிட்டு இரண்டாவது அறைக் கூரையைப் பூசினேன். வாளியை எடுத்துக் கொல்லையில் போட்டேன்.

ஆடி பிறந்து ஒரு புதன்கிழமை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. கூரியர் என்று நினைத்து, சாப்பிட்ட கையோடு போய் முன்கதவைத் திறந்தேன்.

அக்கா நின்றாள். கத்தரிப்பூப் புடவையைக் கட்டியிருந்தாள். செருப்பைக் கேட் ஓரமாக ஜோடியாக விட்டிருந்தாள். கையில் ஒரு பை, அதில் ஆப்பிளும் மாதுளையும். கேட்டை ஒட்டிய சுற்றுச்சுவரில் அம்புக்குறி பாதி வெளுத்துப்போய் இருந்தது; அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பெல்லெல்லாம் அடிச்சுக்கிட்டு..."

"கதவு சாத்தியிருந்துச்சு."

எங்கள் முன்கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும். அவள் உள்ளே வந்து, வாசலோரம் புரோக்கர் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். என் மனைவி ஓடிவந்தாள். அக்கா பழப்பையை அவள் கையில் கொடுத்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டாள். உள்ளே வாங்க அண்ணி, குழம்பு வைக்கணும், நெத்திலி வாங்கி வச்சிருக்கேன் என்று என் மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இருக்கட்டும்மா. இந்தப் பக்கம் ஒரு வேலயா வந்தேன், பாத்துட்டுப் போகலாம்னு. கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

மனைவி உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. அடுப்படியில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

சோற்றுக் கையோடு அவள் முன்னால் நின்றேன். "அக்கா, இங்க ஒண்ணும் வரல. வாய்க்காதான். நான்தான் பைத்தியக்காரன் மாதிரி... மன்னிச்சிருக்கா. அந்தப் பத்திரத்த ரத்து பண்ணிருவோம். ரெண்டு பேரு பேர்லயும் திருப்பி எழுதிருவோம். நாளைக்கே போவோம், நீ வா."

அவள் கோபப்படவில்லை. வலது கைக் கட்டைவிரலை ஆள்காட்டி விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"அதுக்கும் வெரல் வைக்கச் சொல்லுவாங்கடா. அன்னைக்கு ஒருவாட்டி விழுந்ததே பெரும்பாடு. இன்னொருவாட்டி எனக்கு விழுகாது."

மனைவி செம்பில் தண்ணீரோடு வந்தாள். அக்கா வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தாள்.